பாப்லர் மரக்கட்டையில் லிக்னினை மாற்றுதல்: மரபணுத் தேர்வு முதல் அளவீடு வரை முழு வழிகாட்டி

நெல்லிலோ புகையிலையிலோ மரபணு மாற்றம் செய்து பழகியவர்கள் மரத்துக்கு வந்ததும் முதல் வேலையாக வெக்டர் (செடிக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும் டி.என்.ஏ.) கட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். நெல்லில் அது பெரிய சிக்கல் இல்லை. தப்பிப்போனால் சில மாதங்களில் அடுத்த தலைமுறை விதை கையில் இருக்கும். பாப்லரில் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்திய நாளிலிருந்து அளக்கத்தக்க கட்டை கிடைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிடும். விதை வழியாகக் கழித்துச் சரிசெய்யும் வசதியும் கிடையாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் அளவீடு முதலிலும் வெக்டர் நடுவிலும் வருகின்றன.

எடுத்துக்காட்டுக்கு ஒரே மரம், ஒரே மரபணு. மரம், உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படும் 717-1பி4 என்ற பாப்லர் குளோன். பாப்புலஸ் ட்ரெமுலாவையும் பாப்புலஸ் ஆல்பாவையும் கலந்து பிறந்த பெண் மரம். மரபணு சி.சி.ஆர்.2. கட்டையின் செல் சுவருக்கு உறுதி தரும் லிக்னின் உருவாகும் பாதையில் அது ஒரு படி. கருவி, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர்-காஸ்9. யூகலிப்டஸ், சவுக்கு, சுபாபுல் என்று நம் ஊர்க் காகித மரங்களில் இறங்க நினைப்பவர்களும் முதலில் இதில் கை பழகுவது நல்லது. இது திசு வளர்ப்பில் நன்றாகத் தளிர்க்கும். அந்த மரங்களில் தளிர் வரவைப்பதே தனிப் போராட்டம்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் அனுமதி. இந்தியாவில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் விண்ணப்பித்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும். வெக்டர் தயாரான பின் விண்ணப்பிப்பவர்கள், காகிதம் வரும்வரை குழாயை ஃப்ரீசரில் வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆகவே இலக்கு மரபணு முடிவான அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, பூஞ்சையோ பாக்டீரியாவோ இல்லாத சுத்தமான திசு வளர்ப்புச் செடிகள். 22 முதல் 24 டிகிரி செல்சியஸ், ஒரு நாளில் 16 மணி நேர வெளிச்சம். இது குளிர்நாட்டு மரம். ஏசி நின்றுபோகும் அறையில் இலை மஞ்சளித்துவிடும், அந்த இலையிலிருந்து தளிர் வராது.

மூன்றாவது, வேதியியல் மேசை: ஃபியூம் ஹூட், 72 சதவீத கந்தக அமிலம், ஆட்டோகிளேவ், புற ஊதா நிறமாலைமானி. லிக்னினைக் கட்டும் எஸ், ஜி அலகுகளைப் (அடுத்த படியில் வருகின்றன) பிரித்துச் சொல்லும் கருவி உங்களிடம் இல்லையென்றால், அது உள்ள ஆய்வகத்திடம் இப்போதே பேசி வையுங்கள். மாதிரியை எந்த வடிவில், எத்தனை மில்லிகிராம் தர வேண்டும் என்று அவர்கள் சொல்வதைப் பொறுத்தே நீங்கள் எத்தனை மரம் வளர்க்க வேண்டும் என்பது தெரியும்.

2. என்ன மாற்றம் வேண்டும் என்பதை எழுதி வையுங்கள்

'லிக்னினைக் குறைக்க வேண்டும்' என்பது இலக்கு ஆகாது. மாற்றக்கூடியவை மூன்று: மொத்த அளவு, அலகுகளின் விகிதம், பிணைப்புகளின் தன்மை. ஒவ்வொன்றுக்கும் தொட வேண்டிய மரபணு வேறு.

பாப்லர் போன்ற அகன்ற இலை மரங்களில் லிக்னின் பெரும்பாலும் ஜி, எஸ் என்ற இரண்டு அலகுகளால் ஆனது. எஸ் அலகில் ஐந்தாம் கார்பனில் ஒரு மெத்தாக்சி குழு இருப்பதால் அங்கே இறுக்கமான கார்பன்-கார்பன் பிணைப்பு உருவாக முடியாது. எனவே எஸ் கூடிய லிக்னின், காகித ஆலையின் காரக் கரைசலில் எளிதில் உடைந்து கரையும். உங்கள் நோக்கம் காகிதக்கூழ் என்றால், மொத்த அளவைத் தொடாமல் எஃப்.5எச். மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டி எஸ் விகிதத்தை உயர்த்துவதே போதும். காமட் மரபணுவைக் குறைத்தால் எதிர்த்திசையில் போகும்: எஸ் குறையும், கூழாக்கம் கடினமாகும்.

கட்டையை நொதியால் சர்க்கரையாக்கி எரிபொருள் செய்வது நோக்கமென்றால் மொத்த அளவைக் குறைப்பதில் பயன் உண்டு. அதற்கு 4சி.எல்., சி.சி.ஆர். போன்ற மரபணுக்கள் இலக்கு. எச்.சி.டி. மரபணுவைத் தொட்டாலும் அளவு குறையும். ஆனால் சாதாரணமாக மிகக் குறைவாக இருக்கும் எச் அலகுகள் பெருகி, மரம் குட்டையாகிவிடும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

3. அளவீட்டை முதலில் பழகிக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். மாற்றப்படாத 717 மரத்தின் கட்டையிலேயே திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். ஒரே பொடியை அளக்கும்போது உங்கள் எண்கள் இரண்டு சதவீதப் புள்ளி அங்குமிங்கும் ஆடினால், பின்னால் வரப்போகும் இரண்டு புள்ளி வித்தியாசத்தை உங்களால் பார்க்கவே முடியாது. மரக்கட்டையில் லிக்னின் உலர் எடையில் பொதுவாக 20 முதல் 30 சதவீதம். நல்ல வளர்ச்சியோடு கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, சரியாக அந்த இரண்டு புள்ளி.

லிக்னினை எடை போட்டு அளக்கும் கிளாசன் முறை இப்படிப் போகும். பட்டையை உரித்து, உலர்த்தி, அரைத்த கட்டைப் பொடியை எத்தனால் போன்ற கரைப்பான்களால் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். அதில் 300 மில்லிகிராம் எடுத்து, 3 மில்லிலிட்டர் 72 சதவீத கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், அவ்வப்போது கிளறி வையுங்கள். பிறகு 84 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்து அமிலத்தை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, 121 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டோகிளேவ். ஆறியதும் வடிகட்டி, எஞ்சியதை 105 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். பிறகு அதை எரித்து, சாம்பல் எடையைக் கழித்துவிடுங்கள்.

இதில் தவறு நுழையும் இடங்கள் நான்கு.

பொடி சொரசொரப்பாக இருந்தால் அமிலம் உள்ளே போகாது. கரையாமல் நின்ற சர்க்கரை, லிக்னினாகக் கணக்கில் ஏறிவிடும். சல்லடையில் சலித்து எல்லா மாதிரிக்கும் ஒரே அளவுப் பொடியை எடுங்கள்.

கரைப்பானில் கழுவுவதைச் சுருக்கினால் அது இன்னும் மோசம். லிக்னின் பாதையைத் தடுத்த மரங்களில், வழியில் தேங்கிய ஃபெரூலிக் அமிலம் போன்ற ஃபீனால்கள் கூடுதலாக இருக்கும். அவற்றைக் கழுவி நீக்காவிட்டால், லிக்னின் குறைந்த மரம் குறையாத மரம் போலத் தெரியும்.

வடிகட்டிய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். எஸ் அலகு மிகுந்த கட்டையில் லிக்னினின் ஒரு பகுதி அமிலத்திலேயே கரைந்துவிடும். 240 நானோமீட்டரில் அந்தத் திரவத்தை அளந்து, கரையாத பகுதியோடு கூட்டினால்தான் மொத்த அளவு வரும்.

கடைசியாகப் பட்டை. இளம் தண்டில் பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தால் எண் வீணாகிவிடும். வெட்டிய உடனே, ஈரமாக இருக்கும்போதே உரியுங்கள். காய்ந்த பின் அது வராது.

மாதிரி குறைவாக இருந்தால், லிக்னினைக் கரைத்து ஒளி உறிஞ்சலால் அளக்கும் அசிட்டைல் புரோமைடு முறை கைகொடுக்கும். 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். 70 டிகிரியில் சைலான் (கட்டையில் உள்ள ஒரு சர்க்கரைச் சங்கிலி) சிதைந்து, 280 நானோமீட்டரில் லிக்னினோடு சேர்ந்து ஒளியை உறிஞ்சி, அளவைக் கூட்டிக் காட்டும்.

4. உங்கள் குளோனின் சொந்த டி.என்.ஏ. வரிசையைப் படியுங்கள்

2006இல் வெளியான பாப்புலஸ் ட்ரைக்கோகார்ப்பா மரபணுத்தொகையை வைத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை (காஸ்9ஐ இலக்குக்கு இட்டுச்செல்லும் துண்டு) வடிவமைப்பது, நான் அதிகமாகப் பார்த்த தவறு. அது வேறு இனம். நம் 717 இரண்டு இனங்களின் கலப்பு. ஒவ்வொரு மரபணுவுக்கும் ட்ரெமுலா பிரதி ஒன்று, ஆல்பா பிரதி ஒன்று, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல.

காஸ்9 வெட்டுவதற்கு 20 எழுத்து பொருந்த வேண்டும், பக்கத்தில் என்.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து இருக்க வேண்டும். அந்த மூன்றெழுத்தை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு வித்தியாசம் வந்தாலே வெட்டு விழாமல் போகலாம். ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு 2015இல் இதே 717 மரத்தில் 4சி.எல்.1, 4சி.எல்.2 இரண்டையும் முழு வெற்றியோடு திருத்தியது. 4சி.எல்.5இல் மட்டும் திருத்தம் விழவில்லை. அந்த இலக்கில் எழுத்து வித்தியாசங்கள் இருந்ததே காரணம்.

717இன் இரு பிரதிகளும் தனித்தனியாக வாசிக்கப்பட்டு இப்போது பொதுவில் கிடைக்கின்றன. வடிவமைப்பை அதிலிருந்து தொடங்குங்கள். அதோடு நிற்காமல், உங்கள் பாட்டிலில் உள்ள செடியிலிருந்தே இலக்குப் பகுதியைப் பிசிஆர் செய்து (அந்த டி.என்.ஏ. துண்டை மட்டும் பெருக்கி) வாசித்துவிடுங்கள். கை மாறி வந்த குளோன்களில் பெயர்ச்சீட்டு மாறியிருப்பதும் உண்டு. அதை இங்கேயே பிடித்துவிடலாம்.

இன்னொன்று: பாப்லரின் மூதாதையில் மரபணுத்தொகை முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. ஆகவே பல மரபணுக்களுக்கு நெருங்கிய ஜோடி உண்டு. உங்கள் வழிகாட்டி ஆர்.என்.ஏ. அந்த ஜோடியையும் வெட்டுமா, அது உங்களுக்கு வேண்டுமா என்பதை முடிவு செய்துகொண்டு மேலே போங்கள்.

5. எவ்வளவு குறைப்பது என்பதுதான் முழு விஷயமும்

பாப்லரில் கிரிஸ்பர் மிக நன்றாக வேலை செய்கிறது. சி.சி.ஆர்.2 போன்ற மரபணுவுக்கு அதுவே தலைவலி. கிடைக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு பிரதிகளும் செத்திருக்கும், மரம் முழங்கால் உயரத்தில் நின்றுவிடும்.

ஏன் குட்டையாகிறது? தண்ணீரை மேலே இழுக்கும் சைலம் நாளங்களுக்குள் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிட மிகக் குறைவு. உறிஞ்சும்போது மெல்லிய ஸ்ட்ரா உள்நோக்கி ஒட்டிக்கொள்வதைப் போல, லிக்னின் போதாத நாளச் சுவர் மடங்கிவிடும். தண்ணீர் ஏறாது, வளர்ச்சி நிற்கும். நுண்ணோக்கியில் வட்டமாக இருக்க வேண்டிய நாளங்கள் நசுங்கிக் கோணலாகத் தெரியும்.

ஆகவே குறைக்க வேண்டும், அணைக்கக் கூடாது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒரு பிரதியைக் கொன்று மற்றொன்றைப் பலவீனமாக விடுவது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உள்ள வி.ஐ.பி. ஆய்வகம் 2020இல் வெளியிட்ட சி.சி.ஆர்.2 பாப்லர் அப்படிப்பட்டது. ஒரு பிரதி முழுதும் செயலிழந்தது, மற்றொன்று ஓரளவு வேலை செய்தது. லிக்னின் சுமார் 10 சதவீதம் குறைந்தது, வளர்ச்சி குறையவில்லை, நொதி வெளியேற்றிய சர்க்கரை கணிசமாகக் கூடியது. இப்படிப்பட்ட லைன் (ஒரே மாற்ற நிகழ்விலிருந்து வந்த செடியும் அதன் நகல்களும்) அமைவது ஓரளவு எண்ணிக்கை விளையாட்டு. நிறைய தனித்தனி லைன்கள் எடுத்தால்தான் மூன்றோ ஆறோ எழுத்து மட்டும் விழுந்து, புரதம் பாதி உயிரோடு இருக்கும் ஒன்று அகப்படும்.

இரண்டாவது வழி, நான்காம் படியில் கண்ட எழுத்து வித்தியாசத்தைப் பயன்படுத்தி ஒரு பிரதியை மட்டும் வெட்டுவது. அங்கே தடையாக இருந்தது இங்கே கருவியாகிறது. ஒரு பிரதி முழுதாக இருந்தால் பல மரபணுக்களில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, முழுவதும் அணைத்துவிட்டு நாளங்களில் மட்டும் மரபணுவைத் திரும்ப இயக்குவது. நாளங்களில் மட்டும் இயங்கும் ப்ரோமோட்டரால் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) இது அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் சிறுசெடியில் நன்றாகக் கைகூடியது. மரத்தில் இன்னொரு கட்டமைப்பு, இன்னொரு சுற்று வேலை. முதல் திட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6. வெக்டரும் கண்ட்ரோலும்

வெக்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வழிகாட்டி ஆர்.என்.ஏ.வுக்கு யு6 ப்ரோமோட்டர், காஸ்9க்கு 35எஸ் அல்லது யுபிக்விட்டின், தேர்வுக்குக் கனமைசின் எதிர்ப்பு மரபணு. கட்டி முடித்ததும் வழிகாட்டிப் பகுதியை வாசித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கண்ட்ரோல், அதாவது ஒப்பீட்டுச் செடி, பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மாற்றப்படாத செடியைத் தண்டு வெட்டி நட்டு, அதோடு திருத்திய செடியை ஒப்பிடுவது சரியல்ல. திருத்திய செடி காலஸ் (உருவமற்ற செல் திரள்), ஹார்மோன், ஆன்டிபயாட்டிக் எல்லாவற்றையும் கடந்து வந்தது. அந்தப் பயணமே சில மாற்றங்களை உண்டாக்கும். அதனால் வழிகாட்டி ஆர்.என்.ஏ. இல்லாமல் காஸ்9 மட்டும் உள்ள வெக்டரையும் அதே நாளில், அதே இலைத் தொகுதியில் செலுத்தி, அதிலிருந்து சில லைன்களை வளருங்கள். பின்னால் சேர்க்க முடியாத செடிகள் இவை.

7. அக்ரோபாக்டீரியத்திலிருந்து வேர் வரை

நான்கு முதல் ஆறு வார வயதுள்ள திசு வளர்ப்புச் செடியின் இலையையும் தண்டுக் கணுவிடைத் துண்டுகளையும் எடுங்கள். வெக்டரைச் செடிக்குள் செலுத்தும் பாக்டீரியா சி58 வகை அக்ரோபாக்டீரியம், கரைசலின் ஒளி அடர்த்தி ஏறக்குறைய 0.5. துண்டுகளை நனைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, இருட்டில் இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாளும் விட்டால் பாக்டீரியா துண்டையே மூடிவிடும், அதற்குப் பிறகு எந்த ஆன்டிபயாட்டிக்காலும் கழுவ முடியாது.

கழுவியபின் காலஸ் மீடியா: எம்.எஸ். உப்புகள், 10 மைக்ரோமோலார் என்.ஏ.ஏ., 5 மைக்ரோமோலார் 2-ஐபி (இரண்டும் ஹார்மோன்கள்), லிட்டருக்கு 50 மில்லிகிராம் கனமைசின், பாக்டீரியாவைக் கொல்ல செஃபோடாக்சிம் அல்லது டைமென்டின். இரண்டு மூன்று வாரம் இருட்டு. பிறகு வெளிச்சத்தில், 0.1 மைக்ரோமோலார் அளவிலான, தளிரைத் தூண்டும் தைடையசுரான் உள்ள தளிர் மீடியா. தளிர் வேகமாக வரட்டும் என்று தைடையசுரானைக் கூட்டுபவர்கள் உண்டு. அப்போது கண்ணாடி போலத் தண்ணீர் கோத்த, நீளாத தளிர்க்கொத்துதான் கிடைக்கும்.

ஒரு துண்டிலிருந்து ஒரே ஒரு தளிரை எடுங்கள். ஒரே காலஸிலிருந்து வந்த ஐந்து தளிர்கள் ஐந்து லைன்கள் அல்ல. அவை ஒரே செல்லிலிருந்து பிறந்திருக்கலாம். இந்தக் கணக்கு இங்கே தவறினால், கடைசியில் போடும் புள்ளியியல் எல்லாமே தவறு.

வேர் விட, அரை அளவு எம்.எஸ். மீடியாவில் கனமைசினோடு வையுங்கள். 717 ஹார்மோன் இல்லாமலே வேர் விடும். தளிர்க் கட்டத்தில் தப்பித்த மாற்றமடையாத செடிகள் பெரும்பாலும் இங்கே வேர் விடாமல் நின்றுவிடும் என்பதால் இது இரண்டாவது சல்லடை.

8. எது திருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

கனமைசினில் வேர் விட்டது என்றால் வெக்டர் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். இலக்கு திருந்தியதா என்பது வேறு கேள்வி. பிசிஆர் செய்யும்போது, வெக்டரில் செடிக்குள் போகக்கூடாத பகுதிக்கும் ஒரு ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஜோடி வையுங்கள். அதிலும் ஜெல்லில் பேண்ட் தெரிந்தால் இலையில் இன்னும் பாக்டீரியா ஒட்டியிருக்கலாம்.

இலக்குப் பகுதியைப் பெருக்கி ஆழமாக வாசியுங்கள். இரண்டு பிரதிகளிலும் தனித்தனியே என்ன நடந்தது என்று அட்டவணை போடுங்கள். ப்ரைமர் உட்காரும் இடத்திலேயே இனவித்தியாசம் இருந்தால் ஒரு பிரதி மட்டும் பெருகும். அப்போது உண்மையில் பாதி திருந்திய செடி, முழுதும் திருந்தியதாகக் காட்டும். மூன்றாவது வகை வரிசை ஒன்று தலைகாட்டினால் அது கலப்புத் திசு. அந்தச் செடியைத் துண்டு எடுத்து மறுபடி தளிர்க்கவைத்துப் பிரிக்கலாம், இல்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள்.

9. பசுமைக்குடில்

ஒவ்வொரு லைனிலும் பல நகல் செடிகள் வைத்து, இடத்தை மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரு லைன் முழுவதும் ஜன்னலோரம், மற்றொன்று முழுவதும் சுவரோரம் என்றால் வெளிச்சத்தைத்தான் அளக்கிறீர்கள்.

முதல் நாளிலிருந்தே குச்சி நட்டு ஒவ்வொரு தண்டையும் நேராகக் கட்டுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதப்பட்ட செய்முறைகளில் பல இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பாப்லர் சாய்ந்தால் மேல்பக்கத்தில் இழுவிசைக் கட்டை உருவாகும். அதில் செல்லுலோஸ் அதிகம், லிக்னின் குறைவு. மெலிந்த தண்டுள்ள திருத்திய செடி எளிதில் சாயும். சாய்ந்ததால் குறைந்த லிக்னினை, மரபணுவால் குறைந்ததாக எழுதிவிடுவோம். சாய்ந்த செடி ஒன்று கூடக் கட்டை மாதிரிக்குள் வரக் கூடாது.

உயரத்தையும் தண்டு விட்டத்தையும் வாரம் ஒருமுறை குறியுங்கள். கடைசி நாள் உயரம் மட்டும் இருந்தால், தாமதமாக வேர் பிடித்த செடியையும் மெதுவாக வளரும் செடியையும் பிரித்தறிய வழியில்லை.

10. அறுத்துப் பார்த்தல்

எல்லா மரங்களிலும் ஒரே உயரத்தில், ஒரே வயதுக் கட்டையை எடுங்கள். பட்டை உரித்ததும் கட்டையின் நிறத்தைப் படமெடுங்கள். சி.சி.ஆர். குறைந்த மரத்தில் ஆரஞ்சு அல்லது செம்பழுப்பு நிறம் வரும், 4சி.எல்.1 போன மரத்திலும் செம்பழுப்பு வரும். நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் மாற்றமும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. மரபணுவை அடக்கும் பழைய முறையில் வளர்த்த சி.சி.ஆர். பாப்லர்களில் அப்படித்தான் தெரிந்தது.

சாயங்களைக் கவனமாகப் படியுங்கள். ஃப்ளோரோகுளுசினால் சாயம் லிக்னின் அளவைக் காட்டுவதில்லை, அதிலுள்ள ஆல்டிஹைடுகளைத்தான் சிவப்பாக்குகிறது. கேட் (சி.ஏ.டி.) மரபணு குறைந்த மரத்தில் ஆல்டிஹைடு கூடும் என்பதால், லிக்னின் குறைந்திருந்தும் சாயம் அடர்த்தியாக ஏறும். எஸ் அலகைக் காண மாய்லெ சாயம்: எஸ் உள்ள இடம் சிவக்கும், ஜி மட்டும் உள்ள இடம் பழுப்பாகவே நிற்கும். சாயத்தால் அறிய வேண்டியது நாளங்கள் வட்டமாக இருக்கின்றனவா என்பதையும், மாற்றம் எந்தச் செல்லில் என்பதையும்தான். எண் கிளாசனிலிருந்து வரட்டும்.

எஸ்/ஜி விகிதத்துக்குத் தயோஅசிடோலிசிஸ் (லிக்னினை வேதியியலாக உடைக்கும் முறை) செய்தால், அது எளிதில் உடையும் ஈதர் பிணைப்பில் உள்ள அலகுகளை மட்டுமே விடுவிக்கும் என்பதை அட்டவணையின் கீழே எழுதிவிடுங்கள். முழுப்படமும் வேண்டுமென்றால் இருபரிமாண என்.எம்.ஆர். வேண்டும்.

கணக்குப் போடும்போது, உங்கள் மாதிரி எண்ணிக்கை லைன்களின் எண்ணிக்கைதான். ஒரே லைனின் பத்து நகல்கள் பத்துச் சான்றுகள் ஆகா.

11. ஒரு மரத்துக்கு எவ்வளவு கிடைத்தது

ஒரு கிராம் கட்டையில் எவ்வளவு சர்க்கரை என்பதோடு நிறுத்தாமல், ஒரு மரத்துக்கு எவ்வளவு என்றும் கணக்கிடுங்கள். பெல்ஜியத்தில் வயலில் வளர்த்த சி.சி.ஆர். பாப்லர்களில் கட்டை எளிதில் சர்க்கரையானது, மரமோ சிறுத்தது. ஓரிகானில் வயலில் நட்ட, 4சி.எல். மிகவும் அடக்கப்பட்ட பாப்லர்களிலும் வளர்ச்சி பாதிக்கப்பட்டது. பசுமைக்குடிலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தபோது மறைந்திருக்கும் பலவீனம், காற்றும் வெயிலும் படும்போது வெளிவரும்.

வயலுக்குப் போக விரும்பினால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் இந்திய அரசு அளித்த விலக்கு, வெளி டி.என்.ஏ. எதுவும் எஞ்சாத மரபணுத் திருத்தச் செடிகளுக்கு மட்டுமே. நெல்லில் காஸ்9ஐ அடுத்த தலைமுறையில் பிரித்துக் கழித்துவிடலாம். பாப்லர் பூக்கவே பல வருடங்கள் ஆகும், பூத்துக் கலந்தாலும் 717 என்ற குளோன் கலைந்துபோகும். ஆகவே மேலே சொன்ன வழியில் வந்த மரத்துக்குள் காஸ்9 இருந்துகொண்டேதான் இருக்கும். சட்டத்தின் பார்வையில் அது மரபணு மாற்றப் பயிர், முழு அனுமதி வரிசையும் அதற்குப் பொருந்தும். வயல் சோதனைத் திட்டத்தில், பூக்கும் வயதுக்கு முன்பே மரத்தை வெட்டும் தேதியையும், வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை வெட்டிய பிறகும் கண்காணித்து அழிக்கும் முறையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். 717 பெண் மரம், மகரந்தம் பறக்காது. ஆனால் பக்கத்தில் ஆண் பாப்லர் இருந்தால் பஞ்சு விதை பறக்கும்.